புதுப்பிப்பு: குதிரைக்கு ஒற்றை மூக்கால் நாற்றச் சளி, காரணம் பல்

பதில் போட்ட எல்லாருக்கும் நன்றி. கேள்வி இதுதான்: பாசிக்குடாவில் சவாரிக்கு நிற்கும் எங்கட பெட்டைக் குதிரைக்கு இடது மூக்கால் மட்டும் மஞ்சள் சளி, கிட்டப் போக ஏலாத நாற்றம். ஊசி போட்டால் குறையும், விட்டால் திரும்பும்.

"ஒரு பக்கம் மட்டும் என்றால் சைனஸையும் (முக எலும்புக்குள் இருக்கும் காற்றறை) பல்லையும் பாருங்க" என்ற அண்ணன் சொன்னதுதான் சரி. பலர் ஸ்ட்ராங்கிள்ஸ் (குதிரைக்குக் குதிரை தொற்றும் நோய்) என்று பயந்தீங்க. அதுக்குக் காய்ச்சல் வரும், தாடைக்குக் கீழே நெறி கட்டும், பெரும்பாலும் இரண்டு மூக்காலும் வடியும். இதுக்கு அப்படி ஒன்றும் இல்லை.

இங்கே மாடு ஆடுதானே அதிகம். குதிரை பார்த்துப் பழகிய மிருக வைத்தியரைக் கொழும்பிலிருந்து கூப்பிட்டோம். கண்ணுக்குக் கீழே எலும்பை விரலால் தட்டிக் காட்டினார்: வலப்பக்கம் வெறுங்குடம் மாதிரிச் சத்தம், இடப்பக்கம் மந்தம். எக்ஸ்ரேயில் சீழ் மட்டம் நேர்கோடாகத் தெரிந்தது. மேல் கடைவாய்ப் பற்களின் வேர் சைனசுக்குள்தான் நிற்குது. அதில் ஒன்று அழுகல். மயக்க ஊசியும் விறைப்பூசியும் போட்டு, நின்றபடியே பிடுங்கி, எலும்பில் சின்னத் துளையிட்டுச் சேலைனால் கழுவினார். அந்தப் பல் இருக்கும்வரை எந்த மருந்தும் நிலைக்காதாம்.

எதிர்பாராதது, பல் குழி. தீனி சைனசுக்குள் ஏறாமல் அடைப்பு வைத்திருக்கு. அடைப்புக் கழன்றால் வைத்தியருக்கு உடனே சொல்ல வேணும். இப்ப நாற்றம் போயிற்று, தண்ணி மாதிரிக் கொஞ்சம் வடியுது.