டாவோவில் கரி அடுப்புக் கடையில் விருந்து, நமக்கோ புரட்டாசி. என்ன சாப்பிடலாம்?

ஈரோட்டு_மஞ்சள்:
வணக்கமுங்க. தங்கச்சி பிலிப்பைன்ஸில், டாவோவில் மருத்துவம் படிக்கிறாள். அப்பா அம்மாவைக் கூட்டிக்கொண்டு அவளைப் பார்க்கப் போகிறேன். கூடப் படிக்கிற உள்ளூர்ப் பெண்ணின் வீட்டார் ஒரு ஞாயிறு ராத்திரி எங்களைச் சாப்பிடக் கூப்பிட்டிருக்கிறார்கள். பெரிய ஓட்டல் எல்லாம் இல்லை, ஒரு குடும்பமே நடத்துகிற, வாசலிலேயே கரி போட்டு மீனும் கோழியும் சுடுகிற கடையாம். சிக்கல் என்னவென்றால் அது புரட்டாசி. அப்பா மாதம் முழுக்கக் கவிச்சி தொடமாட்டார், முட்டையும் கிடையாது. அம்மாவுக்குச் சனிக்கிழமை மட்டும்தான் விரதம், அதனால் கோழி, மீன் பரவாயில்லை. பன்றியும் மாடும் எங்கள் வீட்டில் யாருக்கும் ஆகாது. நானோ காரம் இல்லாவிட்டால் சோறு இறங்காத ஆள். என்ன சொல்லி வாங்குவது, அப்பாவுக்கு ஏதாவது கிடைக்குமா, முன்கூட்டியே இதையெல்லாம் சொன்னால் அவர்கள் தப்பாக எடுத்துக்கொள்வார்களா? தங்கச்சியைக் கேட்டால் "வா, பார்த்துக்கலாம்" என்கிறாள். அவள் பார்த்துக்கொள்கிற லட்சணம் எனக்குத் தெரியும்.

பொள்ளாச்சி_கீற்று:
மணிலாவில் வேலை பார்த்தவன், அதனால் சொல்கிறேன். உங்களுக்கும் அம்மாவுக்கும் கவலையே வேண்டாம், கண்ணை மூடிக்கொண்டு சிக்கன் இனாசல் சொல்லுங்க. பகோலோட் பக்கத்துப் பக்குவம் அது. கலமான்சி என்று கோலிக்குண்டு அளவில் ஒரு எலுமிச்சை உண்டு, அதன் சாறு, வினிகர், இஞ்சி, பூண்டு, எலுமிச்சைப் புல் எல்லாம் போட்டு ஊறவைத்து, குச்சியில் குத்தி, அனாட்டோ விதை காய்ச்சின சிவப்பு எண்ணெயைத் தடவித் தடவிச் சுடுவார்கள். அந்த நிறத்தைப் பார்த்து மிளகாய் என்று நினைத்துவிடாதீங்க, சொட்டுக் காரம் இருக்காது.

காரம் மேஜைமேல் இருக்கும். சோயா சாஸ், வினிகர், கலமான்சி, லபுயோ என்கிற குட்டி மிளகாய், எல்லாம் வைத்து ஒரு சின்னக் கிண்ணமும் தருவார்கள். நீங்களே கலக்கிக்கொள்ள வேண்டியதுதான், அவங்க வீட்டுப் பெரியவங்களும் அப்படித்தான் ஆளுக்கு ஒரு ருசியில் கலக்குவார்கள். சுட்ட கறியில் பாதி ருசிதான் இருக்கிறது, மீதி அந்தக் கிண்ணத்தில். நம்ம ஆட்கள் பாதிப்பேர் அதைத் தொடாமலே தின்றுவிட்டு வந்து "பிலிப்பைன்ஸ் சாப்பாடு சப்புன்னு இருக்கு" என்று ஊரெல்லாம் சொல்கிறார்கள், கேட்டாலே எரிச்சல் வரும்.

டாவோ என்பதால் இன்னொன்று. சூரை மீன் துறைமுகமான ஜெனரல் சான்டோஸ் அந்தப் பக்கம்தான், அதனால் சூரையின் தாடைப் பகுதியை அப்படியே கரியில் சுட்டுத் தருவார்கள், பாங்கா என்று கேளுங்க. அம்மாவுக்குப் பிடிக்கும். வயிற்றில் தக்காளி வெங்காயம் அடைத்துச் சுட்ட பாங்குஸும் நல்லாயிருக்கும், நம்ம பால்மீன்தான், ஆனால் முள் ஏராளம், முள் எடுத்ததா என்று கேட்டு வாங்குங்க. பலகையில் வெறும் பார்பெக்யூ என்று எழுதியிருந்தால் பெரும்பாலும் பன்றிதான், ஜாக்கிரதை.

நாமக்கல்_லாரி:
மேலே அண்ணன் கறிக்கதையை முடித்துவிட்டார், பாவம் அப்பாவை யாரும் கவனிக்கவில்லை. அங்கே காய்கறி என்று எழுதியிருப்பதை நம்பவே கூடாதுங்க. பச்சைப்பயறு வேகவைத்து மொங்கோ என்று தருவார்கள், பார்த்தால் நம்ம வீட்டுப் பயறு மாதிரியே இருக்கும், உள்ளே பன்றித் துண்டோ கருவாடோ கிடக்கும். கத்தரிக்காய், பூசணி, வெண்டை, பாகற்காய் எல்லாம் சேர்ந்த பினாக்பெட்டில் இறால் விழுது, வள்ளைக்கீரை வதக்கலில் சிப்பி சாஸ். லும்பியா என்கிற பொரித்த சுருள் கேட்கவே வேண்டாம், அதில் பெரும்பாலும் பன்றிக் கொத்துக்கறி. சுட்ட கத்தரிக்காயில் தக்காளி, வெங்காயம், வினிகர் போட்டுத் தருவது தேவலாம், பகோங்கும் பாடிஸும் வேண்டாம் என்று சொல்லணும், இறால் விழுதும் மீன் சாறும்தான் அவை. ஆனால் எல்லாம் வேகிறது ஒரே கம்பி வலையில். அப்பா அதையும் பார்ப்பவர் என்றால் கத்தரிக்காயும் இல்லை, வெள்ளைச் சோறும் பப்பாளிக்காய் ஊறுகாயும்தான்.

என் யோசனை, தங்கச்சி அறையிலேயே அரிசியும் பருப்பும் ஆக்கி அப்பாவுக்குப் போட்டுக் கூட்டிப்போங்க, அங்கே இளநீர் குடிக்கட்டும்.

கோபி_வாய்க்கால்மேடு:
தம்பி, லாரிக்காரர் சொல்வதில் கடைசி வரி எனக்கு ஒப்பவில்லை. விருந்துக்குக் கூப்பிட்ட வீட்டில் பெரிய மனுஷன் ஒருத்தர் வெறும் இளநீரோடு உட்கார்ந்திருந்தால் அவங்களுக்கு ஒரு வாய் இறங்காது, அந்த விஷயத்தில் அவங்களும் நம்மை மாதிரித்தான். முன்கூட்டியே சொல்லிவிடு. விரத மாதம், கறி மீன் முட்டை இல்லை என்றால் போதும், அவங்களே புனித வெள்ளிக்குக் கறி ஒதுக்குகிற கத்தோலிக்கர்கள்தானே பெரும்பாலும், புரியும். சொல்லிவிட்டால் கத்தரிக்காயைத் தனியாக அடுப்பிலேயே சுட்டுத் தருவார்கள்.

சொல்லாமல் போனால் இன்னொரு வம்பு இருக்கிறது. விருந்தாளி வந்தால் சில நேரம் மேஜை முழுக்க வாழை இலை விரித்து, நடுவில் சோற்றைக் கொட்டி, அதன்மேல் மீன், கோழி, கணவாய், பன்றி எல்லாம் அடுக்கி, சுற்றி நின்று எல்லாரும் கையால் எடுத்துச் சாப்பிடுவார்கள். பூடில் ஃபைட் என்பார்கள், அவங்க ராணுவத்தில் இருந்து வந்த பழக்கமாம். வாழை இலையைப் பார்த்து அப்பா சந்தோஷமாக உட்கார்ந்துவிட்டு, ஒரே இலையில் எல்லார் கையும் போவதைப் பார்த்தால் என்ன ஆவார் என்று யோசி. அவருக்குத் தனித் தட்டு என்று தங்கச்சியை இப்பவே சொல்லச் சொல். மற்றபடி கரண்டி, முள்கரண்டி தருவார்கள், கையால் சாப்பிட்டாலும் யாரும் ஒன்றும் நினைக்கமாட்டார்கள்.

அம்மாவுக்குக் குழம்பு மாதிரி ஏதாவது வேண்டுமென்றால் இறால் போட்ட சினிகாங். புளி கரைத்துவிட்ட நீர்த்த சாறு, சோற்றில் ஊற்றிப் பிசைந்தால் சுகமாக இறங்கும். இறால் என்று அழுத்திச் சொல்லணும், சும்மா சினிகாங் என்றால் பன்றி வரும்.

நாமக்கல்_லாரி:
சரிங்க அக்கா, ஒத்துக்கறேன். ஆனால் அப்பாவுக்கு ஹாலோ ஹாலோ என்கிற ஐஸ் இனிப்பு சொல்லும்போது மேலே வைக்கிற லெச்சே ஃப்ளான் என்கிற கஸ்டர்டு வேண்டாம் என்று சொல்லச் சொல்லுங்க, அதில் மஞ்சள் கரு. ஐஸ் துருவல், பால், இனிப்புப் பயறு, ஊதா வள்ளிக்கிழங்கு, இதுவரை விரதத்துக்குப் பழுதில்லை.

ஈரோட்டு_மஞ்சள்:
ரொம்ப நன்றிங்க எல்லாருக்கும். தங்கச்சியிடம் தனித் தட்டு விஷயத்தைச் சொல்லிவிட்டேன், அவளுக்கே அந்த இலைச் சமாச்சாரம் தெரியும், எங்களிடம் சொல்லாமல் வைத்திருந்திருக்கிறாள்! பில் யார் கொடுப்பது? நான் கொடுக்கப் போனால் சண்டை வருமா?

பொள்ளாச்சி_கீற்று:
கூப்பிட்டவங்கதான் கொடுப்பாங்க. ஒரு தடவை கேட்டுப் பாருங்க, அதற்குமேல் மல்லுக்கு நிற்காதீங்க. பதிலுக்கு ஊரில் இருந்து ஏதாவது கொண்டுபோங்க, வெளியூர் போய் வருகிறவர் கையில் பசலுபோங், அதாவது ஊர்ப் பரிசு, இல்லாமல் வருவது அங்கே வழக்கமில்லை. சென்னிமலைப் போர்வை இரண்டு, கொஞ்சம் கடலை மிட்டாய் போதும். அப்புறம் அந்த மாதம் வாடை தூக்குகிற டுரியன் பழத்தின் சீசன், கடைசியில் அதை உடைத்து நீட்டுவார்கள். அப்பாவுக்கு அது விரதத்துக்கு ஆகும், மூக்குக்கு ஆகுமா என்பது அவர் பாடு.