மைமோனிடீஸ் ஆய்வுக்கு முதலில் ஹீப்ருவா, அரபியா?

காயல்வாசி:
தத்துவத்தில் எம்.ஏ. முடித்திருக்கிறேன். 12ஆம் நூற்றாண்டு யூதத் தத்துவ அறிஞர் மைமோனிடீஸின் 'தலாலத்துல் ஹாயிரீன்' (திகைத்து நிற்போருக்கு வழிகாட்டி) பற்றி முனைவர் பட்ட ஆய்வு செய்ய ஆசை. ஷ்லோமோ பினெஸின் 1963ஆம் ஆண்டு ஆங்கில மொழிபெயர்ப்பை இரண்டு முறை படித்துவிட்டேன். சின்ன வயதில் எங்கள் ஊர் மதரசாவில் எட்டு வருடம் அரபி படித்தவள் நான், அகீதா (இஸ்லாமிய நம்பிக்கைக் கோட்பாடு) பாடமும் உண்டு. ஹீப்ருவில் ஒரு எழுத்துகூடத் தெரியாது. யூதச் சிந்தனைக்கு உன் அரபி உதவாது என்கிறார் ஒருவர். ஆங்கிலமே போதும் என்கிறார் இன்னொருவர். எதில் தொடங்குவது? தலைப்பும் இன்னும் பிடிபடவில்லை.

பழஞ்சுவடி:
சகோதரி, உங்கள் அரபிதான் உங்கள் பெரிய பலம். 1190 வாக்கில் எகிப்தில் அவர் அந்த நூலை எழுதியதே அரபியில்தான், எழுத்து மட்டும் ஹீப்ரு. தமிழை அரபு எழுத்தில் எழுதினார்களே, நம் அர்வி, அது மாதிரி. ஹீப்ருவில் 22 எழுத்து, அரபியில் 28. மிச்சத்துக்குப் புள்ளி வைத்துக்கொண்டார்கள். ஸாதே என்ற ஹீப்ரு எழுத்தின் மேல் புள்ளி இருந்தால் அது நீங்கள் ஓதிய ளாத் என்ற அரபி எழுத்து. தினம் ஒரு மணி நேரம் உட்கார்ந்தால் சில வாரங்களில் வாசிக்க வந்துவிடும். எனக்கு அரபி புதிது, அதனால் ஒரு பக்கத்துக்கு ஒரு நாள் ஆனது.

சாலமோன் முங்க் 1856 முதல் 1866 வரை பாரிஸில் மூன்று தொகுதிகளாக வெளியிட்ட பதிப்பை எடுங்கள். பார்வை போன பிறகும் விடாமல் செய்த வேலை அது. அந்த அடிக்குறிப்புகளைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு மனசு நெகிழ்ந்துவிடும். அரபு எழுத்திலேயே வேண்டுமென்றால், 1970களில் ஹுசைன் அதாய் அங்காராவில் பதிப்பித்தது இருக்கிறது. ஆனால் அதோடு நின்றுவிடாதீர்கள். சுவடிகள் பெரும்பாலும் ஹீப்ரு எழுத்தில்தான். கெய்ரோ கெனிசாவில் (யூதத் தொழுகைக்கூடத்தின் பழைய ஏட்டு அறை) கிடைத்த, மைமோனிடீஸ் கைப்பட எழுதிய வரைவுத் தாள்கள்கூட கேம்பிரிட்ஜில் இருக்கின்றன.

தலைப்புக்கு ஒரு யோசனை. முதல் பாகம், 71 முதல் 76 வரையான அதிகாரங்கள். கலாம் (இஸ்லாமிய இறையியல்) அறிஞர்களோடு அவர் வாதாடும் இடம். 73இல் அவர்களுடைய 12 அடிப்படைக் கூற்றுகளை வரிசையாக எடுத்துவைக்கிறார்: பொருள்கள் அணுக்களால் ஆனவை, காலமும் துண்டு துண்டான கணங்கள், ஒரு பண்பு இரண்டு கணம் நீடிக்காது, இப்படி. அகீதா படித்த உங்களுக்கு இந்தப் பேச்சு பழக்கமானதுதான். எதிர்த்தரப்பை அவர் சரியாகத்தான் எடுத்துச் சொல்கிறாரா? கலாமில் ஒரு பிரிவினரான அஷ்அரிகளின் நூல்களைப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஹீப்ரு மட்டும் தெரிந்தவர் இதைச் செய்ய முடியாது.

மதுரைக்காரி:
அவர் சொன்னது சரி, ஆனால் ஹீப்ருவைத் தள்ளிப்போடாதீர்கள். சாமுவேல் இப்ன் திப்போன் 1204இல் ஹீப்ரு மொழிபெயர்ப்பை முடித்தார். மைமோனிடீஸ் இறந்ததும் அதே வருடம். அப்புறம் தெற்கு பிரான்சில் இந்த நூலை வைத்து நடந்த சண்டையெல்லாம் ஹீப்ருவில்தான்.

நான் ஜெருசலேமில் உல்பான் (பேச்சு ஹீப்ரு கற்பிக்கும்) வகுப்பு முடித்து, கடைத்தெருவில் சரளமாகப் பேசிக்கொண்டிருந்தவள். இப்ன் திப்போனைத் திறந்தால் முதல் பக்கமே புரியவில்லை. அரபி வாக்கியத்தின் போக்கு மாறாமல் ஹீப்ருச் சொற்களைப் போட்டிருக்கிறார். வழக்கில் இல்லாத சொற்களுக்கு அவரே 1213இல் ஓர் அகராதி எழுத வேண்டிவந்தது. அரபி தெரிந்த தோழி பக்கத்தில் உட்கார்ந்து விளக்கிய பிறகுதான் எனக்குப் பிடிபட்டது. நீங்கள் மூலத்தையும் அதையும் வரிக்கு வரி வைத்துப் படித்தால், அந்த ஹீப்ரு தானாகவே வந்துவிடும். ஜெர்மனும் வாசிக்கும் அளவுக்குக் கற்றுக்கொள்ளுங்கள். 19ஆம் நூற்றாண்டு ஆய்வுகளில் பாதி அதில்தான்.

காயல்வாசி:
இரண்டு பேருக்கும் ரொம்ப நன்றி. நேற்று இரவே முங்க் பதிப்பின் முதல் தொகுதியை இறக்கி, 73ஆம் அதிகாரத்தில் 'முகத்திமா' (அடிப்படைக் கூற்று) என்ற சொல்லை எழுத்துக்கூட்டிப் படித்துவிட்டேன். உடனே உம்மாவைக் கூப்பிட்டுக் காட்டினேன். பேத், காஃப் என்ற இரண்டு ஹீப்ரு எழுத்துகள் மட்டும் ஒரே மாதிரி தெரிகின்றன. எப்படிப் பிரித்துப் பார்ப்பது?

பழஞ்சுவடி:
வலது பக்கக் கீழ் மூலையைப் பாருங்கள். பேத்தின் அடிக்கோடு கொஞ்சம் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். காஃப் வளைந்தே போகும்.