உயிரோட இருக்கிற எலும்பு செல்லில் பச்சை வளையம்: பார்த்தவங்க சொல்லுங்க

செல்லறைவாசி:
எம்சி3டி3 (எலும்பு உருவாக்குற எலி செல் வகை) செல்தான். அஸ்கார்பிக் ஆசிட், பீட்டா கிளிசரோபாஸ்பேட் போட்டு வளர்த்தது. பாஸ்படிடைல்செரின்ங்கிற சவ்வுக் கொழுப்பில் ஒட்டுற, பச்சையா ஒளிரும் அனெக்சின் புரதத்தைக் கலந்து மைக்ரோஸ்கோப்பில் வெச்சு, செல்லுக்குள்ள கால்சியத்தை ஏத்துற அயனோமைசின் விட்டேன். இருட்டா கிடந்த ஒரு செல்லோட ஓரத்தில் பச்சை பிடிச்சுது. பார்த்துக்கிட்டிருக்கும்போதே விளிம்பு முழுக்கப் பரவிடுச்சு. பிஐ (சவ்வு கிழிஞ்ச செல்லுக்குள்ள மட்டும் ஏறுற சாயம்) உள்ளே போகவே இல்லை. சவ்வோட உள்பக்கம் இருக்கவேண்டிய பாஸ்படிடைல்செரின் வெளியே! லேப் மீட்டிங்கில் படத்தைக் காட்டினேன். "சாகிற செல்"னு ஒரே வார்த்தையில் தள்ளிட்டாங்க. இன்னும் மனசு ஆறல.

கேஸ்பேஸ்காரன்:
பிஐ ஏறலைங்கிறதை மட்டும் வெச்சு வாதாடாதீங்க. அப்போப்டோசிஸ் (செல் தானே திட்டமிட்டுச் சாகிறது) ஆரம்பத்திலும் பிஐ ஏறாது. நான் அந்தச் சாவை நடத்துற என்சைமான கேஸ்பேஸைத் தடுத்துட்டு அயனோமைசின் விட்டேன், அப்பவும் பச்சை வந்துச்சு. சாகும்போது சவ்வுக் கொழுப்பை வெளியே புரட்டுற எக்ஸ்கேஆர்8 புரதம் வேலை செய்ய, கேஸ்பேஸ் அதை வெட்டணும். கால்சியம் ஏறினதும் திறந்து அதே மாதிரி புரட்டுற டிஎம்இஎம்16எஃப் புரதத்துக்கு அந்த வெட்டு வேண்டாம். அந்தப் படம்தான் பதில் சொல்லும்.

தட்டணு:
ரத்தத் தட்டணு தினமும் இதைச் செய்யுது, அதை யாரும் சாவுன்னு சொல்றதில்லையே! 2010-ல் நகாடா குழு கண்டுபிடிச்ச அதே டிஎம்இஎம்16எஃப்தான். அது பழுதானா ஸ்காட் சிண்ட்ரோம், ரத்தம் உறைய இழுபறி. 2013-ல் அது இல்லாத எலிக்குஞ்சுகளைப் பார்த்தாங்க, எலும்பில் தாது படியுறதே தாமதம். வெளியே வந்த பாஸ்படிடைல்செரின் கால்சியத்தைப் பிடிச்சு வெச்சுக்கும், முதல் படிகத்துக்கு அதுதான் இடம். எலும்பு செல் சாகாமலே இதைச் செஞ்சாகணும். உங்க மீட்டிங்கில் இதைச் சொல்லுங்க.

பஃபர்பைத்தியம்:
எனக்கும் ஒருதடவை பச்சை வந்துச்சு, அதை விடுங்க. முதல்ல டிரிப்சின் என்சைம் போட்டு டிஷ்ஷிலிருந்து செல்லை எடுக்காதீங்க, சவ்வு அதிலேயே கெட்டுடும். ஒட்டின நிலையிலேயே பாருங்க. அனெக்சினுக்குக் கால்சியம் கட்டாயம், பாஸ்பேட் அந்தக் கால்சியத்தோட சேர்ந்து படிஞ்சிடும், அதனால பாஸ்பேட் பஃபர் பக்கம் போகாதீங்க, ஹெப்பீஸ் போடுங்க. தாது படிஞ்ச பழைய டிஷ்ஷா இருந்தா படிகத்திலும் பச்சை ஒட்டியிருக்கலாம், கால்சியம் தாதுவைச் சிவப்பாக் காட்டுற அலிசரின் சாயம் போட்டு ஒப்பிடுங்க. கடைசியில் கால்சியத்தைப் பிடிச்சு எடுத்துடுற இஜிடிஏ விட்டுக் கழுவுங்க, அனெக்சின் கழண்டு வரணும். வராம நின்னா அந்தப் பச்சையை நம்பாதீங்க. கால்சியமே வேண்டாம பாஸ்படிடைல்செரினில் ஒட்டுற லாக்டாதெரின் புரதமும் ஒரு டிஷ்ஷில் வெச்சுப் பாருங்க.

செல்லறைவாசி:
நான் எடுத்தது ஒட்டின செல்லில்தான், தாது படியுறதுக்கு முன்னாடி. கேஸ்பேஸ்காரன், தடுப்பான் எவ்வளவு நேரம் முன்னாடி போட்டீங்க?