மறு: டிவிடி ‘பர்ன் குவாலிட்டி’க்குத் தமிழ்ச்சொல்: ‘பொறிப்புத் தரம்’ என்று வைக்கலாமா?

குழும நண்பர்களுக்கு வணக்கம்.

டிவிடியில் எழுதியது எவ்வளவு நன்றாக விழுந்திருக்கிறது என்பதைக் குறிக்க இதுவரை மூன்று சொற்கள் வந்திருக்கின்றன: எரிப்புத் தரம், எழுத்துத் தரம், பதிவுத் தரம். மூன்றையுமே ஏற்க எனக்கு மனம் வரவில்லை. நான் முன்வைப்பது ‘பொறிப்புத் தரம்’. காரணத்தைச் சற்று விரிவாகவே சொல்கிறேன். இந்த ஒன்றை முடிவு செய்துவிட்டால், பின்னால் வரும் ஐந்தாறு சொற்களை வைப்பது எளிதாகிவிடும்.

வழக்கொழிந்துகொண்டிருக்கும் டிவிடிக்கு இப்போது எதற்குக் கலைச்சொல் என்று ஒரு நண்பர் கேட்டிருந்தார். நியாயமான கேள்விதான். ஆனால் 2000-களில் எழுதிய கல்யாண வட்டுகளும் கோயில் விழாக்களும் பாட்டிமார் பாடிய தாலாட்டும் இன்னும் எத்தனையோ வீட்டு அலமாரிகளில் இருக்கின்றன. அவற்றை வன்தட்டுக்கு மாற்றும் வேலையைப் பலரும் இப்போதுதான் தொடங்குகிறார்கள். எந்த வட்டு மோசமாகிக்கொண்டிருக்கிறது, எதை முதலில் மாற்ற வேண்டும் என்று காட்டுவது இந்தத் தரத்தை அளக்கும் சோதனைதான். இதற்குத் தமிழில் ஒரு வழிகாட்டி எழுத உட்கார்ந்தால் முதல் பத்தியிலேயே சொல் இல்லாமல் நின்றுவிடுகிறோம்.

சரி, சொற்களுக்கு வருவோம். ‘டிவிடியை எரித்தேன்’ என்று எழுதினால் தீ வைத்தேன் என்றுதான் பொருள். பேச்சில் யாரும் அப்படிச் சொல்வதும் இல்லை. ‘சிடி போட்டுக் கொடுங்க’, ‘ஒரு காப்பி அடிச்சுக் கொடுங்க’, இல்லையென்றால் ‘பர்ன் பண்ணு’, ‘ரைட் பண்ணு’. எழுத்துத் தரம் என்றால் அச்செழுத்தோ கையெழுத்தோதான் நினைவுக்கு வரும். பதிவுத் தரம் இந்த மூன்றில் தேவலை, ஆனால் பெரிய குழப்பம் ஒன்று அதில் ஒளிந்திருக்கிறது. வெளிச்சம் இல்லாத மண்டபத்தில் மங்கலாக எடுத்த வீடியோவை மிக நேர்த்தியாக வட்டில் ஏற்றலாம். அருமையாக எடுத்த வீடியோவை ஏற்றும்போது கெடுக்கவும் செய்யலாம். முதலாவதில் பதிவு மோசம், வட்டு நன்று. இரண்டாவதில் பதிவு நன்று, வட்டு மோசம். நமக்கு வேண்டியது வட்டைப் பற்றி மட்டும் பேசும் சொல்.

வட்டில் என்ன நடக்கிறது என்று பார்த்தால் பொறிப்பு ஏன் பொருந்துகிறது என்பது விளங்கும். ஒருமுறை மட்டும் எழுதக்கூடிய டிவிடியில் ஒரு சாயப் படலம் இருக்கிறது. 650 நானோமீட்டர் அளவிலான சிவப்பு லேசர் அதன் மேல் பட்டதும் அந்த இடம் சூடாகி மாறிவிடுகிறது. பிறகு ஒளியை முன்போல் திருப்பி அனுப்புவதில்லை. 0.74 மைக்ரோமீட்டர் இடைவெளியில் சுற்றிச் சுற்றிச் செல்லும் தடத்தில் இப்படிக் குறிகளும் இடைவெளிகளும் மாறி மாறி விழுகின்றன. மிகச் சிறிய குறியின் நீளம் 0.4 மைக்ரோமீட்டர். ஒரு பரப்பில் அழியாத குறி இடுவதற்குத் தமிழில் எப்போதுமே பொறித்தல் என்றுதான் பெயர். இமயத்தில் வில் பொறித்த சேரனைப் பள்ளியிலேயே படித்துவிட்டோம். கல்வெட்டு ஆய்வாளர்களும் பொறிப்பு என்ற சொல்லை இன்றுவரை புழங்குகிறார்கள். குறி தெளிவாக விழுந்ததா, ஓரம் கலைந்ததா என்பதுதான் இங்கேயும் கேள்வி.

பொறி என்றால் இயந்திரம், தீப்பொறி, எலிப்பொறி என்றெல்லாம் வருமே என்று ஒருவர் எழுதியிருந்தார். ‘பொறிப்பு’ என்று தொழிற்பெயராக எழுதும்போது அந்தப் பொருள்கள் எதுவும் குறுக்கே வராது. றகரத்துக்கு ரகரம் போட்டு ‘பொரிப்பு’ ஆக்கினால் வறுவல் ஆகிவிடும் என்பது உண்மை. அது எழுத்துப்பிழை, அதற்காக நல்ல சொல்லைக் கைவிட வேண்டாம்.

அடுத்தது வேகம். ‘ரைட் ஸ்பீடு’க்குப் பொறிப்பு வேகம் என்று வைத்துக்கொள்ளலாம். வட்டின் மேல் போட்டிருக்கும் 4எக்ஸ், 8எக்ஸ், 16எக்ஸ் என்பவை 4 மடங்கு, 8 மடங்கு, 16 மடங்கு. மடங்கு என்றால் எதன் மடங்கு என்பதை ஒருமுறையாவது சொல்லியாக வேண்டும். சிடியில் 1 மடங்கு என்பது விநாடிக்கு 150 கிலோபைட். டிவிடியில் 1 மடங்கு சுமார் 1,385 கிலோபைட், ஏறக்குறைய ஒன்பது பங்கு. ‘என் பழைய சிடி ரைட்டரே 52 மடங்கு, டிவிடி வெறும் 16 தானா’ என்ற கேள்விக்கு இதுதான் பதில்.

வேகம் தரத்தை எப்படி மாற்றுகிறது என்பதற்கு ஒரு கணக்கே போதும். 1 மடங்கில் மிகச் சிறிய குறியை இட லேசருக்குச் சுமார் 115 நானோவிநாடி கிடைக்கிறது. 16 மடங்கில் அதே குறிக்கு ஏழு நானோவிநாடிதான். அந்த நேரத்துக்குள் சாயம் மாற வேண்டுமென்றால் லேசரின் சக்தியைக் கூட்ட வேண்டும். கூட்டினால் ஒரு குறியின் சூடு பக்கத்துக் குறி வரை போகிறது, ஓரங்கள் நகர்கின்றன. இதைச் சமாளிக்க லேசரை ஒரே சீராக எரியவிடாமல், எந்தக் கணத்தில் எவ்வளவு சக்தி என்று துண்டு துண்டாகக் கட்டுப்படுத்துகிறார்கள். ‘ரைட் ஸ்ட்ராட்டஜி’ என்கிறார்களே, அது. இதற்குப் பொறிப்பு உத்தி என்பது என் பரிந்துரை. ரைட்டர் முதலில் வட்டிலிருக்கும் தயாரிப்புக் குறியீட்டைப் படிக்கிறது, அதற்கேற்ற உத்தியைத் தன் பர்ம்வேரிலிருந்து (ரைட்டருக்குள்ளேயே இருக்கும் மென்பொருள்) எடுத்துக்கொள்கிறது. பட்டியலில் இல்லாத வட்டு என்றால் பொதுவான உத்தி ஒன்றை வைத்து ஒப்பேற்றுகிறது. மலிவான பெயரில்லா வட்டுகள் பல ரைட்டர்களில் சரியாக வராததற்கு, சாயத்தின் தரத்தோடு இதுவும் ஒரு காரணம்.

‘மெதுவாக எழுதினால் நன்றாக விழும்’ என்று நம்மில் பலர் நம்புகிறோம். சிடி காலத்திலிருந்து வந்த நம்பிக்கை. 16 மடங்குக்கென்று செய்த சாயமும் உத்தியும் மிகக் குறைந்த வேகத்துக்குச் செப்பம் செய்யப்பட்டிருக்க வேண்டிய கட்டாயம் இல்லை. 16 மடங்கு வட்டை 4 மடங்கில் எழுதும்போது 8 மடங்கில் எழுதியதைவிடப் பிழை கூடுவது பலர் கண்டதுதான். பொதுவாக 8 அல்லது 12 மடங்கு பாதுகாப்பான இடம். முழு 16 மடங்கில் எழுதினால் உள்வட்டத்தில் 6 மடங்குக்குச் சற்று மேல் தொடங்கி, வெளி ஓரத்துக்குப் போகும்போதுதான் 16-ஐத் தொடுகிறது. அதனால் தரச் சோதனை காட்டும் பிழை வரைபடத்தில் கடைசிப் பகுதி மட்டும் ஏறியிருந்தால் வேகத்தைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும். நேரத்தைப் பார்த்தாலும், 8 மடங்கில் ஒரு முழு வட்டுக்கு எட்டு ஒன்பது நிமிடம், 16-இல் ஐந்தாறு நிமிடம். அந்த மூன்று நிமிடத்துக்காகக் கல்யாண வீடியோவைப் பணயம் வைக்க வேண்டாம் என்று வழிகாட்டியில் வெளிப்படையாகவே எழுதலாம் என்பது என் கருத்து.

இப்போது சிக்கலான இடம்: தரச் சோதனை எண்ணிக் காட்டும் ‘பிஐ எரர்’, ‘பிஐ ஃபெயிலியர்’. ‘உள்ளக இணைமைப் பிழை’, ‘உள்ளக இணைமைத் தோல்வி’ என்ற மொழிபெயர்ப்பு வந்திருந்தது. படிப்பவருக்கு இரண்டும் பயத்தைத்தான் தரும், வித்தியாசத்தைச் சொல்லாது. டிவிடி தன் தரவை 32 கிலோபைட் கொண்ட கட்டங்களாக வைக்கிறது. ஒவ்வொரு கட்டமும் 208 நிரை (கிடை வரிசை). நிரை ஒன்றுக்கு 182 பைட், அதில் கடைசி 10 திருத்தத்துக்கானவை. அதைக் கொண்டு ஒரு நிரையில் 5 பைட் வரை கெட்டிருந்தாலும் மீட்டுவிடலாம். அதற்கு மேல் போனால் நிரல்வழித் (மேலிருந்து கீழாக வரும் வரிசை வழி) திருத்தம் கைகொடுக்கும். ‘பிஐ எரர்’ என்று எண்ணுவது ஒரு பைட்டாவது கெட்ட நிரைகளை. ‘பிஐ ஃபெயிலியர்’ என்பது முதல் திருத்தத்தில் சரியாகாத நிரைகளை. எண்ணுவதே நிரையைத்தான் என்னும்போது பெயரிலும் அது இருக்கட்டும். நிரை, நிரல் இரண்டும் அணிக் கணக்கில் தமிழ்நாட்டிலும் இலங்கையிலும் பள்ளிப்பிள்ளைகள் படிக்கும் சொற்கள்.

எனவே முதலாவதைப் பிழைநிரை என்போம். இரண்டாவதற்கு ‘மீளா நிரை’ என்று ஒருவர் சொன்னார், கேட்க அழகாகவே இருக்கிறது. ஆனால் அந்த நிரை அடுத்து வரும் நிரல்வழித் திருத்தத்தில் பெரும்பாலும் மீண்டுவிடுகிறது. மீளா என்றால் போய்விட்டது என்று ஆகிவிடும். முதல் திருத்தத்துக்குப் பின்னும் எஞ்சி நிற்பதால் ‘எஞ்சுநிரை’ சரியாக இருக்கும். நிரல்வழியிலும் தேறாமல் போவதுதான் உண்மையான இழப்பு, ‘பிஓ ஃபெயிலியர்’. அதை ‘மீளாக் கட்டம்’ என்று சொல்லலாம். நிரல் என்றால் கணினியில் புரோகிராம் என்று நிலைத்துவிட்டதால் அந்தச் சொல்லை இங்கே தலைப்பில் வைக்காமல் தவிர்த்தேன்.

இந்தப் பெயர்களோடு தர எல்லையைச் சொல்லிப் பாருங்கள்: அடுத்தடுத்த 8 கட்டங்களில் பிழைநிரை 280-ஐத் தாண்டக் கூடாது, ஒரு கட்டத்தில் எஞ்சுநிரை 4-ஐத் தாண்டக் கூடாது, மீளாக் கட்டம் ஒன்றுகூட இருக்கக் கூடாது. ஆங்கிலச் சுருக்கம் தெரியாதவருக்கும் எது எவ்வளவு ஆபத்து என்பது பிடிபடுகிறது.

சரிபார்ப்பு, தரச் சோதனை இரண்டையும் ஒன்றாக்கிவிட வேண்டாம் என்பதையும் அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். எழுதி முடித்ததும் மென்பொருள் செய்யும் ‘வெரிஃபை’ சரிபார்ப்பு. கோப்பும் வட்டும் ஒன்றாக இருக்கின்றனவா என்று மட்டும் அது பார்க்கிறது. திருத்தம் எல்லாம் நடந்து முடிந்த பிறகு கிடைக்கும் விடை அது. விளிம்பில் நின்று தப்பித்த வட்டும் அதில் தேறிவிடும். இரண்டு ஆண்டு கழித்துப் பிளேயரில் கட்டம் கட்டமாக உடைந்து, திக்கித் திக்கி ஓடும். நீரோ சிடி-டிவிடி ஸ்பீடு, கேபுரோப், லினக்ஸில் கியூபிஎக்ஸ்டூல் போன்றவை திருத்தத்துக்கு முன் எவ்வளவு பிழை இருந்தது என்று காட்டுகின்றன. அதுதான் பொறிப்புத் தரச் சோதனை. எல்லா ரைட்டரும் இந்த எண்களைக் கொடுப்பதில்லை. கொடுப்பவற்றிலும் ஒரே வட்டுக்கு இரண்டு ரைட்டர்கள் இரண்டு விதமான வரைபடம் காட்டும். அதனால் எந்த ரைட்டரில், எந்தச் சோதனை வேகத்தில் எடுத்தது என்று குறிப்பிடாத எண்ணுக்கு மதிப்பில்லை. பொறிப்பு வேகமும் சோதனை வேகமும் தனித்தனிச் சொற்களாக வேண்டியதும் இதனால்தான்.

டிவிடி, ரைட்டர், லேசர் இவற்றை அப்படியே விட்டுவிடலாம். குறுந்தகடா இறுவட்டா என்ற பழைய வழக்கையும் இங்கே எடுக்க வேண்டாம்; ‘வட்டு’ இரு பக்கத்துக்கும் புரியும்.

எனக்கு முழு நிறைவு தராதது ‘ஜிட்டர்’ மட்டும்தான். குறியின் ஓரம் வர வேண்டிய கணத்துக்குச் சற்று முன்னோ பின்னோ வருவதைச் சொல்வது அது. ‘அதிர்வு’ கூடாது, வேகமாகச் சுழலும் வட்டு உண்மையிலேயே அதிர்கிறது, அந்தச் சொல் அதற்கு வேண்டும். இப்போதைக்கு ‘விளிம்பு நடுக்கம்’ என்று எழுதி வைத்திருக்கிறேன். இதைவிடப் பொருத்தமானது யாருக்காவது தோன்றினால் எழுதுங்கள். மற்ற சொற்களுக்கு மறுப்பு இருந்தாலும் இந்த இழையிலேயே காரணத்தோடு சொல்லுங்கள். வழிகாட்டியின் முதல் வரைவை அதற்கேற்பத் திருத்தி அனுப்புகிறேன்.