ராத்திரியில் இறங்கும் சிலிண்டர் முள்: லீக்கா, குளிரா?

கோத்தகிரி மகள்:
அப்பாவுக்கு வீட்டில் ஆக்சிஜன் கான்சென்ட்ரேட்டர் (காற்றிலிருந்து ஆக்சிஜனைப் பிரித்துத் தரும் கரண்ட் மெஷின்) ஓடுகிறது. மழைக்காலத்தில் இங்கே கரண்ட் போனால் எப்போது வரும் என்று சொல்ல முடியாது, அதனால் ஒரு பி டைப் ஆக்சிஜன் சிலிண்டரும் வைத்திருக்கிறோம். உடனே கொடுக்க வசதியாக வால்வைத் திறந்தே விட்டு ஃப்ளோ மீட்டரை (எவ்வளவு ஆக்சிஜன் போகிறது என்று காட்டும் திருகு குழாய்) மட்டும் மூடி வைப்பேன். சாயங்காலம் அழுத்தம் காட்டும் மீட்டரில் 120-ல் நின்ற முள் விடிகாலையில் 90-க்கு வந்துவிட்டது. யாரும் தொடவில்லை. குளிருக்கு அப்படித்தான் இறங்கும் என்கிறார் சிலிண்டர் கொண்டுவரும் தம்பி. நிஜமா?

குன்னூர் டெக்னீசியன்:
குளிருக்கு இறங்கும் அக்கா, ஆனால் இவ்வளவு இறங்காது. அறை 20 டிகிரியிலிருந்து 8-க்குப் போனால் 120 என்பது 115 ஆகும். மீதி லீக்தான். முதலில் கரி அடுப்பு, சாமி விளக்கு எல்லாவற்றையும் அறையை விட்டு எடுத்துவிட்டு ஜன்னலைத் திறங்கள். கசிந்த ஆக்சிஜன் கம்பளியில் தங்கும். ஒரு பொறி பட்டாலும் குப்பென்று பிடிக்கும்.

அப்புறம் ஃப்ளோ மீட்டர் மூடியிருக்க, சிலிண்டர் வால்வைத் திறந்து முள்ளைக் குறித்துக்கொண்டு வால்வை மூடுங்கள். பத்து நிமிஷம் பாருங்கள். முள் இறங்கினால் ரெகுலேட்டர் (சிலிண்டர் அழுத்தத்தைக் குறைத்துத் தரும் பாகம்) பக்கம் கசிவு. ஆக்சிஜனை ஈரமாக்கும் ஹியூமிடிஃபையர் பாட்டிலையும் கவனியுங்கள். ஃப்ளோ மீட்டருக்குள் இருக்கும் பந்து அடியில் கிடந்தும் தண்ணீரில் குமிழ் வந்தால் ஃப்ளோ மீட்டர் சரியாக மூடவில்லை. குமிழே இல்லையென்றால் பெரும்பாலும் ரெகுலேட்டர் வால்வில் உட்காரும் இடத்து வாஷர்தான். முள் அசையவே இல்லையா? வால்வு திறந்திருக்கும்போது மட்டும் வால்வைத் திறக்கச் சாவி போடும் தண்டு வழியாகக் கசியலாம். அதில் கை வைக்காதீர்கள், சிலிண்டரையே மாற்றச் சொல்லுங்கள்.

எதுவானாலும், உபயோகிக்காதபோது வால்வு மூடியே இருக்கட்டும்.

ஊட்டி நர்ஸ்:
லீக் எங்கே என்று குளியல் சோப்பைக் கரைத்துத் தடவிப் பார்க்காதீர்கள்மா, அதில் கொழுப்பு இருக்கும். ஆக்சிஜனுக்கென்றே லீக் கண்டுபிடிக்கும் திரவம் விற்கிறார்கள், அதுதான் சரி. நம் ஊரில் மார்புக்கு நீலகிரித் தைலம் தேய்க்காத வீடு கிடையாது. தைலக் கையோடு ரெகுலேட்டரைத் தொடவே கூடாது. எண்ணெய்ப் பசையும் அழுத்தமான ஆக்சிஜனும் சேர்ந்தால் தீக்குச்சியே வேண்டாம். கையை நன்றாகக் கழுவித் துடைத்த பிறகுதான் சாவியை எடுக்க வேண்டும்.

கோத்தகிரி மகள்:
பாட்டிலில் குமிழ் இல்லை, முள் மட்டும் இறங்கியது. தம்பியை வரவழைத்துக் கழற்றிப் பார்த்தோம், வாஷர் ஒரு பக்கம் விரிசல் விட்டிருந்தது. புதிது போட்டாயிற்று, இப்போது முள் அசையவில்லை. சாவியைச் சிலிண்டர் கழுத்திலேயே கட்டிவிட்டேன். இருவருக்கும் ரொம்ப நன்றி.