ஷட்டில் ஆடும்போது சுகர் 64, டிஃபனுக்கு அப்புறம் 236. எங்கே தப்பு?

காவிரிக்கரை:
வணக்கம். வயது 47, ஊர் ஈரோடு. டைப் 2 சர்க்கரை வந்து ஆறு வருடம். மெட்ஃபார்மின் மாத்திரை இரண்டு வேளை, காலையில் மட்டும் கிளிமிபிரைடு 1 மி.கி. தினமும் காலை 6 மணி முதல் 7.15 வரை ஷட்டில் ஆடுகிறேன். சர்க்கரைக்கு நல்லது என்று எல்லோரும் சொன்னதால் ஆறு மாதமாக இட்லியை விட்டுவிட்டு, 8 மணிக்கு ஒரு சொம்பு கேழ்வரகுக் கஞ்சி குடிக்கிறேன். வெறும் வயிற்றில் 118 இருக்கிறது, கஞ்சி குடித்து இரண்டு மணி நேரம் கழித்துப் பார்த்தால் 236.

போன செவ்வாய்க்கிழமை இரண்டாவது கேம் நடுவில் கை நடுங்கி, வேர்த்துக் கொட்டியது. கூட ஆடுபவரின் மீட்டரில் பார்த்தோம், 64. கடலை மிட்டாய் சாப்பிட்டு, வெகு நேரம் உட்கார்ந்திருந்துதான் எழுந்தேன். ஆட்டத்தை விட மனமில்லை. டிஃபனுக்கு என்னதான் சாப்பிடுவது?

சமையல்கட்டு:
அண்ணா, கஞ்சிதான் 236-க்குக் காரணம் என்று நினைக்கிறேன். என் மாமியாருக்கும் இதே கதை. கேழ்வரகு நல்ல தானியம்தான், ஆனால் நைசாக அரைத்து, குழையக் காய்ச்சி, மடக்மடக்கென்று குடித்தால் மெல்ல வேலையே இல்லை, வேகமாக ரத்தத்தில் சேர்ந்துவிடும். ஒரு சொம்புக்கு 80 கிராம் மாவு போட்டால் அதிலேயே 50 கிராமுக்கு மேல் மாவுச்சத்து வந்துவிடும். கூடவே புரதமும் குறைவு.

மாமியாருக்கு இப்போது பச்சைப்பயறு தோசை இரண்டு, ஒரு அவித்த முட்டை, தக்காளிச் சட்னி. முழுப்பயறை இரவே ஊறவைத்து, இஞ்சி, பச்சைமிளகாய், ஒரே ஒரு கைப்பிடி அரிசியோடு கொரகொரப்பாக அரைப்பேன். 100 கிராம் பயறில் 22 கிராமுக்கு மேல் புரதம் இருக்கிறது. பயறு அலுத்தால் பருப்பு தூக்கலாகப் போட்ட அடை, முருங்கைக்கீரை சேர்த்து. கேழ்வரகை விட மனமில்லை என்றால் வெங்காயம், கீரை போட்டு ஒரு அடையாகத் தட்டி, சுண்டலோடு சாப்பிடுங்கள். முட்டையையோ சுண்டலையோ முதலில் சாப்பிட்டுவிட்டு அப்புறம் தோசைக்குப் போனால் ஏற்றம் இன்னும் குறைகிறது.

திருச்சி உணவியலர்:
சமையல்கட்டு சொன்னது சரி. ஆனால் எனக்கு 236-ஐ விட 64-தான் கவலை. சார், கிளிமிபிரைடு எத்தனை மணிக்குப் போடுகிறீர்கள்?

காவிரிக்கரை:
5.30-க்கு, எழுந்ததும். மறந்துவிடக் கூடாது என்று கடுங்காப்பியோடு போட்டுவிடுவேன். ஆடி முடித்துத்தான் சாப்பாடு.

திருச்சி உணவியலர்:
இங்கேதான் சிக்கல். கிளிமிபிரைடு கணையத்தைத் தூண்டி இன்சுலினைச் சுரக்க வைக்கும் மாத்திரை. அதனால்தான் அதைக் காலை உணவோடு போடச் சொல்வார்கள். நீங்கள் மாத்திரைக்கு அப்புறம் இரண்டரை மணி நேரம் சாப்பிடவில்லை, நடுவில் ஓடியாடவும் செய்கிறீர்கள். உழைக்கும் தசை இன்சுலின் இல்லாமலேயே சர்க்கரையை இழுத்துக்கொள்ளும். மாத்திரையும் ஆட்டமும் சேர்ந்து இழுத்தால் 64 வரத்தான் செய்யும். மெட்ஃபார்மின் மட்டும் என்றால் இவ்வளவு பயம் இல்லை.

மாத்திரையை நீங்களாக நிறுத்தவோ குறைக்கவோ வேண்டாம். இன்றே டாக்டரிடம் ஆட்ட நேரத்தையும் இந்த 64-ஐயும் சொல்லுங்கள். அதுவரை ஆடப் போகும் முன் சுகர் பாருங்கள். 90-க்குக் கீழே இருந்தால் ஒரு வாழைப்பழம் சாப்பிட்டுவிட்டு இறங்குங்கள்.

தாழ்ந்தால் கடலை மிட்டாய் போதாது. கடலையில் உள்ள கொழுப்பு, சர்க்கரை சேர்வதைத் தாமதமாக்கும். மூன்று டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் குடித்து, 15 நிமிடம் கழித்துத் திரும்பப் பாருங்கள். இன்னும் 70-க்குக் கீழே என்றால் இன்னொரு முறை. பையில் குளுக்கோஸ் பொட்டலம் எப்போதும் இருக்கட்டும். இன்னொன்று, அடுத்தவர் மீட்டரில் பார்த்தாலும் ஊசியும் குத்தும் கருவியும் உங்களுடையதாக இருக்க வேண்டும், ரத்தத்தில் பரவும் நோய்கள் அதன் வழியே வரலாம்.

காவிரிக்கரை:
பத்து நாள் கழித்து எழுதுகிறேன். டாக்டர் கிளிமிபிரைடை 8 மணி டிஃபனுக்கு மாற்றிவிட்டார். இரண்டு வாரக் குறிப்பைப் பார்த்துவிட்டு அது தேவையா என்று முடிவு செய்வதாகச் சொன்னார். முட்டையும் இரண்டு பயறு தோசையும் சாப்பிட்ட நாட்களில் இரண்டு மணி நேரம் கழித்து 158, 149, 166. நடுவில் ஒரு நாள் வீட்டில் டிஃபனுக்குப் பொங்கல், அன்று 211. ஆட்டத்தில் நடுக்கம் திரும்ப வரவில்லை, மிகக் குறைந்தது 97.

ஞாயிற்றுக்கிழமை போட்டி. மூன்று மணி நேரம் இழுக்கும் போலிருக்கிறது. நடுவில் சாப்பிடலாமா?

திருச்சி உணவியலர்:
கட்டாயம் சாப்பிடுங்கள். கிளம்பும் முன் ஒரு தோசை, ஒரு முட்டை. மாத்திரையை அன்று எப்போது போடுவது என்று டாக்டரிடம் முன்கூட்டியே கேளுங்கள். ஒவ்வொரு ஆட்டத்துக்கும் இடையே சுகர் பார்த்து, இறங்கிக்கொண்டே வந்தால் பாதி வாழைப்பழம். கடும் போட்டியில் அட்ரினலின் என்ற ஹார்மோனால் சற்று ஏறியும் காட்டலாம், அதைப் பார்த்துப் பதறி மாத்திரை எதையும் கூடுதலாகப் போட்டுவிடாதீர்கள். அன்று இரவு படுக்கும் முன்னும் ஒரு முறை பாருங்கள். நீண்ட ஆட்டம் ஆடிய நாளில் பல மணி நேரம் கழித்துக்கூட சுகர் இறங்கும்.