தரம் 10 ஒப்படை: எழுத்துப்பிழைக்கு எவ்வளவு வெட்டலாம்?

உப்புவெளியாள்: திருகோணமலை கன்னியா வெந்நீரூற்று பற்றி 300 சொல்லில் ஒப்படை, 20 புள்ளி. ஒரே கட்டுரைக்கு ஒருவர் 10 போடுறார், மற்றவர் 14. எந்த முறையில திருத்துறது?

மூதூரான்: பிழைக்கு அரைப்புள்ளி வெட்டுங்கோ. தமிழ்ப் பாடத்தில எழுத்துப்பிழையை விட்டா வேறெதைப் பார்க்கிறது?

நிலாவெளி டீச்சர்: சேர், பிள்ளை 'வெந்நீர்' என்பதை 'வெண்ணீர்' எண்டு ஆறு இடத்தில எழுதியிருக்கு. உங்கட கணக்கில 3 புள்ளி போச்சு. 13 எடுக்க வேண்டியது 10 ஆகுது. 65 வீதம் 50 வீதமாகி, பி தரச் சித்தி சி தரத்துக்கு இறங்குது. அந்தப் பிள்ளைக்குத் தெரியாதது ஒரு சொல்தான். ஒரே பிழை திரும்ப வந்தா ஒருக்கா மட்டும் வெட்டுங்கோ. வட்டம் போடுறது எல்லா இடத்திலயும் போடலாம்.

மூதூரான்: சரி, அது ஒரு சொல். ல, ள, ழ மூன்றையும் மாறி மாறி எழுதுற பிள்ளைக்கு?

நிலாவெளி டீச்சர்: அதுக்குத்தான் பிரிச்சுப் போடச் சொல்றன். உள்ளடக்கம் 8, ஒழுங்கமைப்பு 5, மொழிநடை 4, எழுத்தும் குறியீடும் 3. எவ்வளவு பிழை விட்டாலும் அந்த 3க்குள்ளதான் வெட்டலாம். பிழை கூடின தாளைக் கண்டு எரிச்சல்பட்டு உள்ளடக்கத்திலயும் குறைச்சா, ஒரே குற்றத்துக்கு இரண்டு தண்டனை. ஆனா 'உள்ளடக்கம் நன்று: 8' எண்டு மட்டும் புள்ளித்திட்டத்தில எழுதினா பிரயோசனமில்லை. கன்னியாவில இருக்கிற ஏழு கிணறும் ஒவ்வொரு சூட்டில இருக்கு எண்டு சொன்னா 2, இராவணன் தாய்க்குக் கிரியை செய்யத் தரையைக் குத்தின ஐதீகத்தை ஐதீகமாவே சொன்னா 2 எண்டு இருக்கவேணும்.

மூதூரான்: கட்டுரைத் தொகுப்பைப் பார்த்து எழுதினவன் உங்கட திட்டத்தில 18 எடுப்பான். ஒரு பிழையும் இராது!

நிலாவெளி டீச்சர்: எடுப்பான்தான். அதுக்கு வாய்மொழியா இரண்டு கேள்வி கேளுங்கோ. தான் எழுதின சொல்லுக்கே கருத்துத் தெரியாட்டி திருப்பி எழுத வையுங்கோ.

மூதூரான்: 40 பிள்ளையள் டீச்சர். எந்தப் பாடவேளையில கேக்கிறது?

நிலாவெளி டீச்சர்: எல்லாரையும் இல்லை, வகுப்பில எழுதின கொப்பியோட நடை ஒத்துவராத ஆக்களை மட்டும்.

உப்புவெளியாள்: அப்ப 10, 14 பிரச்சினை?

மூதூரான்: அதில டீச்சரோட ஒத்துப்போறன். திருத்தத் தொடங்க முதல் ஐந்து தாளை இரண்டு பேரும் தனித்தனியா, தாளில புள்ளி எழுதாமல் திருத்துங்கோ. 2 புள்ளிக்கு மேல வித்தியாசம் வந்தா புள்ளித்திட்டத்தில எந்த வரி தெளிவில்லை எண்டு பாருங்கோ. கடைசியில முதல் ஐந்தையும் திரும்ப எடுங்கோ, களைச்சுப்போனா கை இறுகும். பிழைக்கு 3 புள்ளி மட்டும் எண்டதை நான் இன்னும் ஏற்கேல்லை, குறைஞ்சது 5 வேணும்.